துளசி சக்கரவர்த்தியின் தராசு

நடிகர் துளசி சக்கரவர்த்தியைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வங்காள நண்பர்கள், அவர் எங்கே நடித்தார், அப்படியே இருந்தாரே என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டு அவர் பட்ட பாட்டை மறைத்துவிடுகிறது என்பது அடியேன் கருத்து.

1899-இல் நதியா மாவட்டத்தில் பிறந்தவர். ஓட்டலில் பாத்திரம் கழுவினார், சர்க்கஸில் சேர்ந்தார், அச்சகத்தில் எழுத்துக் கோத்தார். பிறகுதான் ஹாத்திபாகான் ஸ்டார் தியேட்டர். இன்று பினோதினி என்று பெயர் மாறியிருக்கிறதே, அதே அரங்கம்தான். அங்கே அபரேஷ் சந்திர முகோபாத்யாயிடம் பயின்று, 1920-இல் 'துர்கேசநந்தினி' நாடகத்தில் மேடையேறினார். பாட்டும் தபலாவும் கற்றார். 1932-இல் சினிமாவுக்கு வந்தார். நம் பாய்ஸ் கம்பெனிகளில் நடிகர்கள் தேறிவந்த கதைக்கு இது சற்றும் குறைந்ததல்ல.

அந்தப் பயிற்சி எங்கே தெரிகிறது? வியாபாரியான என் கண்ணுக்கு, காசைக் கையாளும் விதத்தில் தெரிகிறது. 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) அவர் மளிகைக்கடைக்காரர், கூடவே பள்ளி வாத்தியார். ஒரு பக்கம் சரக்கு, மறு பக்கம் பாடம், நடுவில் ஊர்வம்பு, இடையிடையே பிரம்படி. நாலையும் ஒரே மூச்சில் செய்கிறார், ஒன்றுகூடத் தடுமாறவில்லை. கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். 'சாடே சுவாத்தர்' (1953) படத்தில் மெஸ் முதலாளி. உத்தம்குமாரும் சுசித்ரா சென்னும் முதன்முதலில் ஜோடி சேர்ந்த படம் அது. ஆனாலும் நினைவில் நிற்பது இவரும் மனைவியாக வரும் மொலினா தேவியும்தான்.

சத்யஜித் ரே 'பரஷ் பாதர்' (1958) படத்தில்தான் அவரைக் கதாநாயகனாக்கினார். அப்போது வயது அறுபதை நெருங்கிவிட்டது. வேலை போகப்போகும் குமாஸ்தாவுக்கு இரும்பைப் பொன்னாக்கும் கல் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுச் சிறுவனின் பொம்மைச் சிப்பாய் பொன்னாவதைக் காணும்போது அவர் முகத்தில் ஆசைக்கு முன்னால் வருவது பயம். எங்கள் சமண நூல்கள் இல்லறத்தாருக்குப் 'பொருள் வரைதல்' என்று ஒரு விரதம் சொல்லும். இவ்வளவு போதும் என்று உடைமைக்கு எல்லை போட்டுக்கொள்வது. அந்த எல்லை உடைகிற கணத்தை வசனமில்லாமல் இரண்டு கண்களிலேயே காட்டிவிடுகிறார். பிற்பாடு வரும் விருந்துக் காட்சியின் கூத்தைத்தான் பலரும் புகழ்கிறார்கள். என் எடையில் இந்தப் பயமே கனம்.

தமிழில் இவருக்கு இணை யார் என்றால் டி. எஸ். பாலையாவைச் சொல்வேன். அவரும் நாடகத்திலிருந்து 1936-இல் 'சதி லீலாவதி'க்கு வந்தவர். 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்பவரைப் பாராட்டுகிறோம். கேட்டுக்கேட்டு நடுங்குகிறாரே பாலையா, அந்த முகம் இல்லாவிட்டால் கதை எடுபடுமா? குணச்சித்திர நடிகரின் வேலை பெரும்பாலும் இப்படித் தாங்கிப்பிடிப்பதுதான். தூணை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

விலையிலும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான படங்களில் நடித்தும் துளசி சக்கரவர்த்தி 1961-இல் வறுமையில்தான் மறைந்தார். பிறவிக்கலைஞர், சும்மா இருந்தாலே நடிப்பு என்று சொல்லிவிட்டால் கூலி குறைத்துக் கொடுப்பதும் சுலபமாகிவிடுகிறதல்லவா? திறமையை இயல்பு என்று பெயர் மாற்றுவதில் இப்படி ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது.

இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு வங்காளம் தாய்மொழி மாதிரி வருகிறது. தமிழைத்தான் வீட்டில் கேட்டுக் கற்கிறார்கள். சங்க விழாக்களில் மாலையில் 'பரஷ் பாதர்', மறுநாள் 'காதலிக்க நேரமில்லை' என்று போட்டுக்காட்டலாம். இரண்டையும் பார்க்கும் பிள்ளை, நாயகனை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவரையும் கவனிக்கப் பழகினால், அதுவே அந்த இருவருக்கும் நாம் செலுத்தும் பாக்கி.