வழிச்செலவும் நாடக வடிவும்

பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாத்திற்குக் கூத்தராற்றுப்படை என்பதும் ஒரு பெயர். 583 அடிகளால் இயன்ற அந்நூல், பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன் எதிர்ப்பட்ட கூத்தர் தலைவனை நன்னன்பால் ஆற்றுப்படுத்துவதாக அமைந்தது. இசைக்கருவிகளைப் பைகளிலிட்டுக் கட்டிச் சுமந்து செல்லும் நிலை அதன் தொடக்கத்திலேயே கூறப்படுகின்றது. பின்னர், வழுக்குப் பாறை எங்குள்ளது, பாம்பு உறையும் இடம் யாது, பன்றிக்கு வைத்த பொறியை எவ்வாறு விலகிச் செல்வது, புனங்காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, இரவில் எவ்வூரில் எவ்வுணவு கிடைக்கும் என்னுஞ் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நன்னன் அவையில் அவர்கள் ஆடப்போகுங் கூத்தைப் பற்றி நூல் மிகுதியாகப் பேசவில்லை. 'செலவு' என்னுஞ் சொல் பழந்தமிழிற் பயணத்தைக் குறித்தது. இக்காலத்திற் பொருள் செலவாதலைக் குறிக்கின்றது. நாடகக் குழுவினர்க்கு இவ்விரு பொருளும் என்றும் ஒன்றாகவே இருந்து வந்துள்ளன.

இக்கால நாடக வரலாற்று நூல்களோ இதற்கு நேர்மாறான நெறியிற் செல்கின்றன. இன்ன ஆண்டில், இன்ன சபையார், இன்ன நாடகத்தை ஆடினர் என்ற பட்டியல் உண்டு. அவர்கள் எவ்வழியே வந்தனர், எவர் பணத்தில் வந்தனர், ஆடாத நாளில் எங்கு உண்டனர் என்பன இல்லை. இது சிறு குறை எனக் கருதி விட்டுவிடத்தக்கதன்று. ஏனெனில், வழியை மறந்து வடிவத்தை மட்டும் நோக்கியமையாலேயே ஸ்பெஷல் நாடகம் என்னும் ஒரு நாடக முறை பற்றி மிகக் கடுமையான, பெரிதும் நியாயமற்ற தீர்ப்பொன்று நிலைபெற்றுவிட்டது. அதனை மறுபரிசீலனை செய்வதற்குக் கொழும்பு நகரைவிட ஏற்ற இடம் வேறில்லை எனலாம்.

1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலந் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கும்வரை, தென்னகத்திலிருந்து கொழும்புக்கு வந்த நாடகக் குழுவினர் பெரும்பாலும் தூத்துக்குடியிற் கப்பலேறினர். அதன்பின் புகையிரதமும் கப்பலும் மீண்டும் புகையிரதமுமாகப் பயணம் எளிதாயிற்று. எனினும் எளிமை ஆளுக்கேயன்றிப் பெட்டிக்கன்று. எழுதிய திரைச்சீலைகள், பக்கத்தட்டிகள், உடைப்பெட்டிகள், கிரீடங்கள், ஆர்மோனியம் ஆகிய அனைத்தும் ஒவ்வொரு மாற்றத்திலும் இறக்கி ஏற்றப்படல் வேண்டும். ஒவ்வோர் இறக்கத்திற்கும் கூலி உண்டு. கொழும்பை அடைந்ததும் மண்டப வாடகை, விளக்கு, நோட்டீசு, தங்குமிடம், சாப்பாடு எனச் செலவுகள் தொடரும். 1912ஆம் ஆண்டின் பொது நிகழ்ச்சிக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் அரசின் அனுமதி பெறுதலும் இவற்றுடன் சேர்ந்துகொண்டது. மழையினாலோ நடிகனின் தொண்டைக்கட்டினாலோ ஓர் இரவு ஆட்டம் நின்றால் வசூல் நிற்குமேயன்றிச் சாப்பாட்டுச் செலவு நில்லாது.

துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையும் ஜிந்துப்பிட்டியும் செட்டியார் தெருவுமே இக்குழுவினருக்கு உரிய களமாயின. கடைச் சிப்பந்திகள், துறைமுகத் தொழிலாளர், நாட்டுக்கோட்டைச் செட்டிமார், பரதகுல வணிகர், ஆடிவேலுக்குக் கூடும் அடியார் எனப் பல திறத்தினர் ஒருங்கிருந்து பார்த்த அரங்கு அது. ஜிந்துப்பிட்டி அரங்கின் பெயர் தமிழ் நாடக வரலாற்றில் மட்டுமன்றிச் சிங்கள நூர்த்தி வரலாற்றிலும் இடம்பெறுகின்றது. வட இந்தியாவிலிருந்து வந்த விசுவநாத் லௌஜி என்னும் இசைவாணர் 1903இல் ஜோன் டி சில்வாவின் 'சிறிசங்கபோ' நாடகத்திற்கு அமைத்த இசை இன்றும் சிங்கள மக்களிடையே வழங்குகின்றது. பயணம் வந்த ஒருவர் விட்டுச்சென்ற மெட்டு, தங்கியிருந்தவர்களின் சொத்தாகிவிடும் விந்தைக்கு அதுவே தக்க சான்று.

இத்தகைய செலவினைத் தாங்க நாடகத்தார் கையாண்ட வழிகள் ஒன்றுக்கொன்று மிக வேறுபட்டவை. சி. கன்னையா போன்ற பெருங் கம்பெனி முதலாளிகள் காட்சிச் சிறப்பையே மூலதனமாகக் கொண்டனர். அத்தகைய கம்பெனி ஓரூரில் நெடுநாள் தங்கினாலன்றிச் சுமைகூலியே அதனை விழுங்கிவிடும். சென்னைச் சுகுண விலாச சபையார் வேறு வகையினர். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் நிறுவிய அச்சபையின் உறுப்பினர் பலர் வழக்கறிஞரும் உத்தியோகத்தருமாவர். நாடகம் அவர்க்குப் பிழைப்பன்று. 1911இல் அவர்கள் கொழும்பிற்கு வந்து நாடகங்களை நடித்துச் சென்றனர். அவ்வருகையின் விளைவுகளுள் ஒன்றாகக் கொழும்பில் 1913இல் இலங்கை சுபோத விலாச சபை தோன்றியது. சம்பந்த முதலியாரைக் குருவெனப் போற்றிய கலையரசு க. சொர்ணலிங்கம் அச்சபை வழியே அரங்கில் ஒளிபெற்றார். சம்பந்த முதலியாரின் 'நாடகமேடை நினைவுகள்' என்னும் நூலையும், சொர்ணலிங்கம் 1968இல் வெளியிட்ட 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்னும் நூலையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு, பயணத்தைக் கௌரவமான உல்லாசமாகக் கொள்ள வல்லார் ஒரு சிலரே என்பது புலப்படாமற் போகாது. மாதச் சம்பளம் வேறிடத்திலிருந்து வரும்போது, இலக்கியத் தூய்மையைக் காத்தல் ஓரளவு எளிதே.

தொழில்முறையில் ஒழுங்கைக் காக்க முயன்ற பெருமுயற்சி சங்கரதாஸ் சுவாமிகளுடையது. வயதுவந்த நடிகரின் கட்டுப்பாடின்மையால் மனம் நொந்த அவர், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அதில் சிறுவனாகச் சேர்ந்த தி. க. சண்முகம் 1972இல் வெளியிட்ட 'எனது நாடக வாழ்க்கை', பாய்ஸ் கம்பெனியின் உள்வாழ்வைக் காட்டும் நூல்களுள் தலையாயது. ஊர்தோறும் ஒரு கம்பெனி வீடு. ஒரே பந்தியிற் சாப்பாடு. பகலிற் பாடம், இரவில் ஆட்டம். கலை செப்பமுற்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் அச்செப்பத்தின் விலையைச் சிறுவரே கொடுத்தனர். வீட்டைப் பிரிந்து, ஒப்பந்தத்திற்குக் கட்டுண்டு, மகரக்கட்டு வந்து குரல் உடைந்த நாளிற் பெற்ற பெயரையெல்லாம் இழந்து நின்றோர் எத்தனையோ பேர். ஒழுங்கிற்காகப் பாய்ஸ் கம்பெனியைப் புகழும் விமரிசகர் இதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

எஞ்சிய வழி ஸ்பெஷல் நாடகம். இதிற் கம்பெனி என ஒன்றில்லை. ராஜபார்ட் ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட் பிறிதோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் வேறு வேறு ஊர்களிலிருந்தும் ஓர் இரவுக்கென்று தனித்தனியே அமர்த்தப்படுவர். அச்சாரம் பெற்ற ஒவ்வொருவரும் தத்தம் உடைப்பெட்டியுடன் வந்து சேர்வர். ஒத்திகை இல்லை, பயிற்றுவோர் இல்லை. முன்பின் அறியாத இருவர் வேலனாகவும் வள்ளியாகவும் மேடையிலேயே முதன்முறை சந்தித்தல் கூடும். எனினும் நாடகம் விடியும்வரை நடந்தேறும். இது எவ்வாறு இயலும்? அனைவருக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு; அப்பாடம் பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றியது. நடிகரின் கட்டுப்பாடின்மையை அஞ்சிச் சிறுவர் சபை கண்ட அப்பெரியாரின் பாடல்களே, கட்டுப்பாடு சற்றுமில்லாத தனிநடிகர்களை ஓரிரவுக்கு ஒரு குழுவாகப் பிணைக்கும் கயிறாயின. அவர் எதிர்பாராத பயன் இது. ஆயினும் அவருடைய பயன்களுள் இதுவே நெடிது நிலைத்தது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இம்முறை இன்றும் வழக்கொழியவில்லை.

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் குற்றங்கள் மூன்று: கதை தளர்ந்துவிடுகின்றது, பாட்டுப் போட்டி மிகுகின்றது, பபூனின் பேச்சு எல்லை மீறுகின்றது. இவை உண்மையே. ஆனால் இவற்றை நடிகரின் ஒழுக்கக் கேட்டினின்றும் பிறந்தனவாகக் காட்டுவதே தவறு. ஒத்திகையின்றிக் கூடிய குழுவினர் இருவரிருவராகவே சிறக்க முடியும்; ஆதலின் நாடகம் இருவர் நின்று பேசும் தர்க்கக் காட்சிகளாகப் பகுபடுகின்றது. திரையும் தட்டியும் சுமக்க வழியில்லாதபோது காட்சியின் வேலையைப் பாட்டே செய்தல் வேண்டும், பாட்டு நீள்கின்றது. அடுத்தவர் இன்னும் வந்து சேரவில்லையெனின் சபையைக் கலையவிடாது பிடித்து வைப்பவன் பபூனே. அவன் பேச்சும் நீள்கின்றது. குற்றமெனப் பட்டியலிடப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு வழிச்செலவுக் கணக்கின் விடையாக இருத்தலைக் காணலாம்.

1926இற் கொழும்பில் நிகழ்ந்த சந்திப்பு இதற்கு எடுத்துக்காட்டு. நாடகம் ஆடுதற்கு இலங்கை வந்திருந்த கே. பி. சுந்தராம்பாளுடன், அந்நாளிற் புகழின் உச்சியில் நின்ற எஸ். ஜி. கிட்டப்பா இணைந்து நடித்தார். அவ்விணைப்பு 'வள்ளி திருமணம்' நாடகத்தில் நிகழ்ந்தது என்பர். சுந்தராம்பாளுக்கு அப்பொழுது வயது பதினெட்டளவே, கிட்டப்பாவுக்கு இருபது. இருவரும் ஒரே கம்பெனியில் வளர்ந்தவரல்லர். ஒரே ஆசிரியரிடம் ஒருங்கு பயின்றவருமல்லர். ஒருவர் பாட்டை ஒருவர் மேடையிற் கேட்டு அங்கேயே விடைகூற வேண்டியிருந்தது. மறுவருடம் அவர்கள் மணம் புரிந்ததும், 1933இற் கிட்டப்பா மறைந்ததும், அதன்பின் சுந்தராம்பாள் ஆணுடன் இணைந்து நடிக்க மறுத்ததும் பலரும் அறிந்த கதை. அக்கதையின் உருக்கத்தில் மறைந்துபோன செய்தி ஒன்றுண்டு. முன்கூட்டித் தீர்மானிக்கப்படாத அந்த எதிர்ப்பாட்டுத்தான் சபையோரை ஈர்த்தது. ஒத்திகை செய்து செப்பமிட்ட சபா நாடகத்தில் அஃது ஒருபோதும் தோன்றியிராது. கடல் கடந்து வந்த இருவரைக் கொழும்பு மேடை ஒருங்கு நிறுத்தியமையே அதனைத் தோற்றுவித்தது.

இவ்வாறு கூறுவதனால் ஸ்பெஷல் நாடகம் குறைவிலாக் கலை என்று நிறுவுதல் கருத்தன்று. அதில் ஒரு நாடகம் முழுமை பெறுவது அரிது. துணைப் பாத்திரங்கள் நிழல்களாகவே நின்றுவிடுகின்றன. கோவலன் கதையில் மாதவி மேலோங்கும் இரவும் கண்ணகி மேலோங்கும் இரவும், வந்து சேர்ந்த நடிகையின் குரல்வளத்தைப் பொறுத்தனவேயன்றிக் கதையின் நீதியைப் பொறுத்தனவல்ல. நடிகர்க்கும் இதிற் பாதுகாப்பில்லை. நோயுற்றால் உதவக் கம்பெனி இல்லை. ஆயினும் வேறு வழிகள் முறிந்த இடங்களில் இது முறியவில்லை. இங்கிலாந்தில் 1592 முதல் கொள்ளைநோயினால் இலண்டன் அரங்குகள் மூடப்பட்டபோது நாடகக் குழுக்கள் ஊர்ப்பயணம் புறப்பட்டன. பெம்புரோக் பிரபுவின் குழுவினர் பயணச் செலவுக்கே வருவாய் காணாது திரும்பி, நாடக உடைகளை அடகு வைக்க நேர்ந்தமையை, அரங்க உரிமையாளர் ஹென்ஸ்லோ 1593இல் தம் மருமகனாகிய நடிகர் அலெய்னுக்கு எழுதிய கடிதத்தாற் காணலாம். உடையும் கடனும் குழுவுக்குப் பொதுவாக இருந்தமையால் முழுக்குழுவும் ஒருங்கே வீழ்ந்தது. ஸ்பெஷல் நாடகக்காரன் அடகு வைக்க நேர்ந்தால் தன் பெட்டி ஒன்றையே வைப்பான். பெயர் எஞ்சும், அடுத்த அச்சாரமும் வரும்.

விமரிசகரின் அளவுகோல் எவ்வளவு சீரற்றது என்பதனை நகரின் மறுபுறஞ் சென்று நோக்கினால் அறியலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதிகளில் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் குடும்பங்கள் பெருகியபோது நாடகமும் தெற்கே நகர்ந்தது. அங்குள்ள மண்டபங்களில் நாடகம் மாலையில் தொடங்கிக் கடைசி பஸ் புறப்படுமுன் முடிதல் வேண்டும். மறுநாட் காலை கந்தோருக்குப் போகவேண்டியவர் பார்வையாளர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1960களில் நாட்டுக்கூத்தைப் புதுப்பித்தபோது, விடியவிடிய ஆடப்பட்ட கூத்து மண்டப நேரத்திற்குள் அடங்கியது. அவ்வாறு மேடையேறிய 'இராவணேசன்' அதன் சிறந்த விளைவு. அதன் செறிவு உண்மையிற் போற்றத்தக்கது. ஆனால் மண்டபத்திற்கும் பயணத்திற்கும் ஏற்பக் கூத்தைக் குறுக்குதல் சீர்திருத்தம் எனப் பாராட்டப்பட, கொட்டகைக்கும் பயணத்திற்கும் ஏற்ப நாடகத்தை நெகிழ்த்துதல் சீரழிவு எனப்படுவது எந்த நியாயத்தால்? பார்த்தவர் யாவர் என்பதே தீர்ப்பை நிருணயித்தது போலும்.

இவ்விரு முனைக்கும் நடுவே ஈழத்தவரே கண்ட ஒரு விடையும் உண்டு. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) தம் வசந்த கான சபையுடன் ஊரூராகச் சென்று 'அரிச்சந்திர மயான காண்ட'த்தை ஆயிரக்கணக்கான முறை ஆடினார் என்பர். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகள் அவருடைய முதற்களமாயினும் கொழும்பும் அவரை அறியும். அரிச்சந்திரன் கதை முழுமையும் நாடு, காடு, காசி எனக் காட்சி பல வேண்டுவது. அவர் அதன் இறுதிப் பகுதியொன்றையே பிரித்தெடுத்து ஓரிரவு நாடகமாக நிறைத்தார். சுடலை காப்போனுக்கு ஒரு தடி, சந்திரமதிக்கு விரித்த கூந்தல், இறந்த பிள்ளை. இவற்றுக்கு மேல் மேடைக்குத் தேவை அதிகமில்லை. நிலையாகச் சேர்ந்த சிறு குழுவாதலின் தனிநடிகர் முறையின் தளர்ச்சி அதில் நேரவில்லை. சுமை குறைவாதலிற் பெருங் கம்பெனியின் நட்டமும் அதனை அணுகவில்லை. கால்பணமும் முழத்துண்டும் கேட்டுச் சுடலையில் மறித்து நிற்பவன் தன் கணவனே என்பதைச் சந்திரமதி அறியும் கட்டத்தை, அறிந்த கதையென்றும் பாராது, மக்கள் ஆண்டுதோறும் மீண்டும் கேட்டனர். இந்நாடகத்தை மதிப்பிட்டோர் வைரமுத்துவின் குரலையும் உருக்கத்தையும் விதந்து பேசினர். எதனை விடுத்து எதனைச் சுமந்து செல்வது என அவர் தெரிந்தெடுத்த தெளிவு இன்னும் உரியவாறு ஆராயப்படல் வேண்டும்.