செண்பகனூர்ச் சேகரங்கள்: ஒரு திறனாய்வு

குருமடத்தை விட்டு மாணவர் நீங்கிய பின், அங்குத் திரட்டப்பட்டவை யாருக்குப் பயன்பட வேண்டும்? கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி இவ்வினாவை நம்முன் வைக்கிறது. 1895இல் இயேசு சபையார் நிறுவிய இக்குருமடத்தில் பல தலைமுறைக் குருமாணவர் பயின்றனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தத்துவக் கல்வி சென்னைச் சத்திய நிலையத்திற்கு மாறியது. அருங்காட்சியகமும், மதுரை மிஷனின் கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் காக்கும் ஆவணக்காப்பகமும் மலையிலேயே நிலைத்தன.

இச்சேகரங்கள் வெறும் ஆர்வத்தின் விளைவு அல்ல. ஆங்லாட் அடிகளார் பழனிமலைத் தாவரங்களை வண்ணத்தில் வரைந்தார். நியூட்டன் அடிகளாருடன் அவர் அம்மலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. ஃபோரோ அடிகளார் பாறைகளில் படரும் பாசிகளை ஆராய்ந்தார். தாம் வாழும் மண்ணைக் கற்றறிவதும் ஊழியத்திற்கான ஆயத்தமே என்பதை இவர்கள் நடைமுறையில் காட்டினர். நம் இறையியற் கல்லூரிகளில் இப்பயிற்சி மிகக் குறைவு.

ஆயினும் குறை ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் பறவைகளும் நிற்கும் அதே அருங்காட்சியகத்தில், பளியரின் பழைய வாழ்வைக் காட்டும் பொருள்களும் வைக்கப்பட்டுள்ளன. பளியர் மறைந்துபோன இனத்தார் அல்லர். இன்றும் அம்மலைப் பகுதியில் வாழ்கின்றனர். மனிதன் தேவசாயலாகப் படைக்கப்பட்டான் எனப் போதிக்கும் திருச்சபை, மனிதரின் பொருள்களை விலங்கினங்களின் வரிசையில் வைக்கலாகுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் வழக்கம் இது. திரட்டியவர்களின் அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால் காலத்தின் வழக்கம் இறையியல் நியாயம் ஆகாது.

கத்தோலிக்கரை மட்டும் நோக்கி இதனைச் சொல்லுதல் நேர்மையன்று. கொல்லிமலையில் நம் மிஷனெரிகள் ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் அம்மையாரும் மலையாளி மக்களிடையே உழைத்தனர். ஜெஸ்ஸி 1929இல் அங்கேயே மரித்தார். அம்மையார் தம் முதுமையிலும் மலைகளில் ஊழியத்தைத் தொடர்ந்து, 1974இல் மரித்தார். அவ்விருவரின் வரலாற்றை நாம் பல மேடைகளில் சொல்லுகிறோம். அம்மலைமக்கள் அவ்வூழியத்தை எவ்வாறு கண்டனர் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே எழுதிவைக்க எத்தனை பேர் முயன்றோம்?

ஆகவே இரண்டு கடமைகள் நமக்கு உண்டு. ஒவ்வொரு சேகரத்திலும் ஞானஸ்நானப் பதிவேடு முதலிய பழைய ஏடுகளைக் கரையானுக்கு இரையாகாமல் காத்தல் ஒன்று. காக்கப்பட்டவற்றின் பொருளை உரைக்கும் உரிமையை அவற்றிற்குரிய மக்களுக்கே அளித்தல் மற்றொன்று. செண்பகனூர் முதற்கடமையில் நமக்கு ஆசிரியராக நிற்கிறது. இரண்டாவதை இரு சபையாரும் சேர்ந்தே கற்க வேண்டும்.