ஒரு திரை, இரு நீதி

உலகமும் வீடும் ஒன்றாயின என்று மகிழ்வோர் உளர். மகிழுமுன் கணக்கைப் பார்ப்போம்.

பி.பி.சி. நிறுவனம் தன் உள்நாட்டு, உலகச் செய்தி அலைவரிசைகளை 2023 ஏப்ரலில் ஒன்றாக்கிற்று. தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 2022 முதல் ஈராண்டுக்கு 159 பவுணில் முடக்கப்பட்டதை அடுத்து வந்த சிக்கனத்தின் கூறே இது, மானுட ஒருமைப்பாடன்று. இணைந்த பின்னரும், பிரித்தானியாவில் பெருஞ்செய்தி எழுமாயின் அந்நாட்டார்க்குத் தனி ஒளிபரப்பு உண்டு. கல்முனைக்கு உண்டா?

திரைகள் இணையுமுன்பே, போர்க்கால இரவுகளில் எம்மூர்கள் செவிசாய்த்த தமிழோசைச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றுவிட்டது. இணையத்தில் தமிழ்ப் பணி தொடர்வது மெய்யே. ஆயினும் மீனவன் கையிலிருந்த வானொலி ஊமையாயிற்று. சிக்கனத்தின் கத்தி எளியோரையே முந்தி வெட்டுகிறது.

திரை ஒன்றாவதால் உலகம் ஒன்றாகாது. எது செய்தி எனத் தீர்மானிக்கும் உரிமை நம் கரைக்கும் வரவேண்டும். அதனைக் கேட்க மாணவரைப் பழக்குவதே ஆசிரியர் கடன்.