கடம்பறுத்த வெற்றியும் கலத்தோர் உயிரும்

பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடுகின்றார். அவன் கடலிடைத் தீவில் வாழ்ந்த பகைவரை வென்று, அவர்தம் காவல்மரமாகிய கடம்பை வெட்டி முரசு செய்துகொண்டான். அப்பகைவர் மேலைக் கடலில் கலங்களைச் சூறையாடியோர் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. முசிறிக்கு அருகே கொள்ளையர் அச்சம் இருந்ததென உரோமானியராகிய பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியிருப்பது இக்கருத்துக்கு அரண் செய்கின்றது.

ஆயின், இப்பாடல்களைச் சான்றாகக் காட்டி, கடற்கொள்ளைக்கு அரசு தரத்தக்க விடை படையெடுப்பு ஒன்றே என்றும், பிணைப்பணம் கொடுத்தல் கோழைமை என்றும் முடிவு கட்டுவது பொருந்துமா? இவை மன்னனைப் போற்றும் பாடாண் பாட்டுகள். வென்றவன் முரசு இவற்றில் ஒலிக்கின்றது. சிக்கிக்கொண்ட மீகாமனின் குரல் ஒலிக்கவில்லை.

அக்குரலைக் கேளாமையால் விளையும் கேட்டை அண்மை வரலாறு காட்டும். 2008 நவம்பரில் ஏடன் வளைகுடாவில் இந்தியப் போர்க்கப்பல் ‘தபார்’, கொள்ளையர் தாய்க்கப்பல் எனக் கருதி ஒரு கலத்தைச் சுட்டு மூழ்கடித்தது. தம்மைத் தாக்குவதாகக் கொள்ளையர் மிரட்டியதாலேயே சுட்டதாகக் கடற்படை கூறியது. ஆனால், அது கொள்ளையர் கைப்பற்றிய தாய்லாந்து மீன்பிடிக் கலம் என்பது பின்னரே தெரியவந்தது. பிணையாயிருந்த மீனவரும் அதனுடன் மூழ்கினர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ‘புங்கா மெலாத்தி’ என்னும் பெயர்கொண்ட மலேசியக் கப்பல்கள் இரண்டு பிடிபட்டன. பிணைப்பணத்தின் பின் விடுவிக்கப்பட்டன. பணம் அடுத்த கொள்ளைக்கு முதலாகும் என்னும் தடை வலிமையுடையதே. 2011 சனவரியில் ‘புங்கா லாரல்’ கப்பலை மலேசியக் கடற்படை அதிரடியாக மீட்டது. மாலுமிகள் 23 பேரும் உயிர் பிழைத்தனர். பிடிபட்ட எழுவர் கோலாலம்பூர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். இவ்வெற்றிக்குக் காரணம் வீரம் மட்டுமன்று. மாலுமிகள் பாதுகாப்பறையில் தாளிட்டுக்கொண்டமையால், அவர்கள் கொள்ளையர் கையில் இல்லை. ஆதலின் அரசு முதலில் வினவவேண்டியது, உயிர்கள் யார் கையில் உள்ளன என்பதே.

கடம்பறுத்தல் பிணைமீட்பன்று, பகைவர் நிலைகொண்ட இடத்தைக் களைதல். அதற்கு இன்றைய ஒப்பு, மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகியவை 2004இல் மலாக்கா நீரிணையில் தொடங்கிய ஒருங்கிணைந்த காவலாகும்.

கடலுக்கு நெடுந்தொலைவில், கம்போங் ராஜாவின் தேயிலைச் சரிவுகளிடையே இப்பாடலைக் கற்பிக்கும் ஆசிரியரும் இவ்வேறுபாட்டை விளக்குதல் வேண்டும். முரசின் ஒலியோடு, பாடல் கூறாது விட்ட கலத்தோரையும் மாணவர் எண்ணிப் பார்ப்பாராயின், அதுவே பயனுள்ள கல்வியாகும்.