கணினி மாறினால் குறள் மாறுமோ?

மதுரைத் திட்டம் என்னும் பெயரால் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கிவரும் முயற்சியை வாசகர் பலர் அறிவர். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கலியாணசுந்தரம் முதலிய அன்பர்கள், ஊதியம் கருதாத தொண்டர்களைக் கொண்டு இதனைத் தொடங்கினர். முதல் வெளியீடு திருக்குறள். நூலின் பெருமையை நாம் இங்குப் பேசப் புகவில்லை. அப்பதிப்பு எந்தக் கணினியில் திறக்கும், எதில் திறவாது என்பதே நமது விசாரணை. இலக்கிய விமரிசனத்துக்கு இது புறம்பு என்பாரும் உளர். ஏடு பிரியாத நூலுக்கு நயம் கூறி என்ன பயன் என்று அவர்களை நாம் கேட்கிறோம்.

திட்டத்தின் நூல்கள் ஆதியில் 'திஸ்கி' என்ற குறியீட்டு முறையிலும் வெளிவந்தன. அத்தகைய கோப்பு ஒன்றை ஜார்ஜ் டவுனில் ஒரு நண்பரின் புதுக் கணினியில் திறந்தோம். குறளைக் காணோம், ஐரோப்பிய எழுத்துகள் தலையில் கீறும் புள்ளியும் சுமந்து வரிசையாய் நின்றன. அதே கோப்பு, செபராங் பிறையில் நாம் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்து ஆபீசின் பழங்கணினியில் பழுதின்றி விளங்கிற்று. காரணம், நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' அதில் நிறுவப்பட்டிருந்ததே. ஒருங்குறிக் கோப்பிலோ கதை தலைகீழ்: புதியதில் குறள், பழையதில் வெறுங்கட்டங்கள்!

குறியீட்டை மாற்றுவதும் எளிதன்று. 'கொ' என்பதைத் திஸ்கி, அச்சுக்கோப்பவர் அடுக்கும் முறைப்படி கொம்பு, ககரம், கால் என வைக்கும். ஒருங்குறியோ ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கும். வரிசையைத் திருத்தாமல் மாற்றினால் கொம்பு முந்திய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மதுரைத் திட்டத்தார் பின்னர் ஒருங்குறியிலும் நூல்களை வெளியிட்டது மெச்சத்தக்கது.

1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது 'லை', 'னை' ஆகியவற்றின் வடிவம் மாறிற்று. ஆயினும் பழைய அச்சை இன்றும் வாசிக்கிறோம். மனிதக் கண் பழகிக்கொள்ளும். யந்திரத்துக்கு அப்பழக்கம் இல்லை.

குறளைக் காக்க ஆட்கள் உண்டு. 1990-களில் தத்தம் எழுத்துருவில் கவிதை தட்டெழுதி, பிளாப்பித் தட்டுகளில் அடைத்து அலமாரியில் வைத்திருக்கும் நம் தோட்டத்துக் கவிஞர்களுக்கு யார் உளர்? அந்நாளைய எழுத்துருக்கள் பல நம் ஆபீசுக் கணினியில் இன்னும் உள்ளன. அதன் பெயரோ இவ்வாண்டின் கழிவுப் பட்டியலில் ஏறிவிட்டது. தட்டு வைத்திருப்போர் அதற்குள் கொண்டுவந்தால், திறந்து மாற்றித்தர நாம் சித்தமாயிருக்கிறோம்.