நான் வேணும் தண்ணி: நரம்பியல் பன்மையும் யூஎக்ஸ் வேலையும்

யூஎக்ஸ் டிசைனர் ஆவது எப்படின்னு தமிழில் இப்போ நிறைய வழிகாட்டிகள் கிடைக்கின்றன. பாதை பெரும்பாலும் ஒன்றுதான். ஃபிக்மா கத்துக்கோ, சில மாச கோர்ஸ் முடி, ஏதாவது ஒரு உணவு டெலிவரி ஆப்பின் திரையை மறுபடி வரைஞ்சு போர்ட்ஃபோலியோவில் வை. கடைசிப் பாடமாக "எம்பதி" வரும். ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்ஸியா உள்ளவர்களையும் மனசில் வைக்கணும் என்று சொல்லும். எப்படி என்று சொல்லாது. கற்பனையா ஒரு பெயர், ஒரு போட்டோ, நாலு வரி எழுதி அதுக்கு பெர்சோனான்னு பேர் வைத்துவிட்டால் பாடம் முடிந்தது.

மனிதரை மையமாக வைப்பதாகச் சொல்லும் துறை, மனிதரைச் சந்திக்காமலே வேலை கத்துக்கொடுக்கிறது என்பதுதான் என் குறை. நரம்பியல் பன்மை விஷயத்தில் இது சின்னக் குறை இல்லை. மூளை வேலை செய்யும் விதம் ஆளுக்கு ஆள் வேறு என்பதுதான் அந்தச் சொல்லின் பொருளே. அந்த எண்ணம் 1990-களில் ஆட்டிசம் உள்ளவர்கள் இணையத்தில் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் வளர்ந்தது. அதைக் கற்பனை ஆளை வைத்துப் படிப்பது முரண்.

தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. சென்னை ஐஐடியில் படித்த அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்', பேச்சு வராத குழந்தைகள் படங்களைத் தொட்டுப் பேச உதவும் கருவி. முதலில் தனிக் கருவியாக வந்தது, பிறகு டேப்லெட் செயலி ஆனது. 2011-ல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ தன் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. இந்தக் கதையை எல்லாரும் 'ஒரு இன்ஜினியர் கண்டுபிடித்தார்' என்றே சொல்கிறார்கள். சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர் பள்ளி அந்த வேலையில் கூடவே இருந்தது என்பது ஓரமாகப் போய்விடுகிறது. யூஎக்ஸ் படிப்பவருக்கு விருதைவிட இந்த ஓரச் செய்திதான் முக்கியம். எந்தப் படம் எங்கே இருக்கணும், ஒரு குழந்தையின் விரல் எதைத் தவறவிடும் என்பதெல்லாம் தினமும் அந்தக் குழந்தைகளோடு இருப்பவர்களிடம்தான் தெரியும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. படப்பலகை என்ற வடிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்து வளர்ந்தது. 'ஐ வான்ட் வாட்டர்' என்றால் மூணு சொல், மூணு படம், இடமிருந்து வலமாகத் தொட்டால் வாக்கியம் தயார். அதே மூணு படத்தைத் தமிழ்ப்படுத்தினால் 'நான் வேணும் தண்ணி' என்று வரும். நாம சொல்வது 'எனக்குத் தண்ணி வேணும்'. அந்த 'க்கு'வுக்குப் படம் கிடையாது.

இதையே திருப்பிப் பார்த்தால் தமிழுக்குச் சாதகமும் உண்டு. 'பசிக்குது', 'வலிக்குது', 'வேண்டாம்' எல்லாம் ஒற்றைச் சொல்லிலேயே முழு வாக்கியம். மறுக்க தமிழ்க் குழந்தைக்கு ஒரு பொத்தான் போதும். அப்போ 'வேண்டாம்' பொத்தான் பெரிசா, எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கண் முன்னாலேயே இருக்கணும். மறுக்க முடியாத குழந்தை கத்தித்தான் மறுக்கும், அதை நாம் 'அடம்' என்போம்.

அடுத்தது பேச்சுநடை. திருநெல்வேலிக் குழந்தை ஆச்சியைக் கூப்பிட நினைக்கும்போது பலகையில் 'பாட்டி' மட்டும் இருந்தால் அது யாரோ. டீச்சரிடம் 'வா' என்று கருவி சொன்னால் திட்டு விழும். கூடப் படிக்கிற பையனிடம் 'வாருங்கள்' என்றால் சிரிப்பான். எழுத்துத்தமிழில் செய்தி வாசிக்கும் குரல் எந்தக் குழந்தையின் குரலும் இல்லை. ஐகானை அழகாக வரைவதால் இது எதுவும் தீராது. இங்கே வேண்டியது தமிழ் இலக்கணமும் ஊர்ப்பேச்சும் தெரிந்து, பொறுமையாகக் கவனிக்கும் ஆள்.

அந்த ஆள் பேட்டையிலும் இருக்கலாம். இங்கே ஐடிஐ இருக்கிறது, ம.தி.தா. இந்துக் கல்லூரி இருக்கிறது. தமிழ் படித்தவருக்கும் கம்ப்யூட்டர் படித்தவருக்கும் நடுவில் ஒரு தெருதான் தூரம். ஆனால் யூஎக்ஸ் என்றதும் இருவருக்குமே பெங்களூர் பஸ்தான் ஞாபகம் வருகிறது. அதே தென்காசி ரோட்டில் மேற்கே போனால் ஆயிக்குடியில் அமர் சேவா சங்கம். கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. வளர்ச்சித் தாமதம் உள்ள கிராமத்துக் குழந்தைகளுக்கு வீடு தேடிப் போய் ஆரம்பகாலப் பயிற்சி தருகிறார்கள். அதைப் பதிவு செய்யவும் பின்தொடரவும் அவர்களே ஒரு செயலியை வளர்த்தார்கள், 2019-ல் எம்ஐடி சால்வ் அதைத் தேர்ந்தெடுத்தது. இதில் பயனர் குழந்தை மட்டும் இல்லை. அந்த வீட்டுக்குப் போகும் பணியாளரும், அவர் சொல்லிக்கொடுப்பதைத் தினமும் செய்யவேண்டிய அம்மாவும் பயனர்கள்தான். இப்படி மூணு பேரின் நாளையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் டெலிவரி ஆப்பை மறுபடி வரைவதில் வராது.

'நல்லாத்தான் இருக்கு, சம்பளம்?' என்பது நியாயமான கேள்வி. 'நரம்பியல் பன்மை டிசைனர்' என்ற பெயரில் வேலை விளம்பரம் அரிது. ஆனால் தேவை கூடிக்கொண்டு வருகிறது. 1995 சட்டத்தில் 7 வகை மாற்றுத்திறன்கள் இருந்தன. 2016 சட்டத்தில் 21, அதில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை வாழ்வுரிமையின் பகுதி என்றது. 2023-ல் வந்த டபிள்யூகேக் 2.2 வழிகாட்டி, உள்நுழைய நினைவாற்றல் சோதனையோ புதிரோ மட்டுமே வழியாக இருக்கக் கூடாது, ஒருமுறை கொடுத்த தகவலை அதே வேலையில் திரும்பக் கேட்கக் கூடாது என்கிறது. வங்கி, ரயில், அரசுப் படிவம் எல்லாவற்றுக்கும் இதைச் சோதித்துச் சொல்ல ஆள் வேணும்.

ஆனால் அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் முறையே தடையாக இருக்கிறது. நேரம் வைத்து, நாலு பேர் பார்க்க, போர்டில் வரையச் சொல்லும் இன்டர்வியூவில் ஏடிஎச்டி உள்ள நல்ல டிசைனர் தோற்றுப்போவார், அழகாகப் பேசுபவர் உள்ளே வருவார். பிறகு அவரே நரம்பியல் பன்மை பற்றி ஸ்லைடு போடுவார். கேள்வியை முன்னாடியே அனுப்பி, வீட்டில் செய்து வரச் சொல்வதற்குப் பெரிய செலவு ஆகாது.

தொடங்க நினைப்பவருக்கு என் யோசனை இது. பக்கத்துச் சிறப்புப் பள்ளியில் அனுமதி கேட்டு, ஆறு மாசம், வாரம் ஒரு நாள் போங்க. முதல் மாசம் எதையும் வரையாதீங்க. குழந்தைகளின் பெயரோ போட்டோவோ போர்ட்ஃபோலியோவில் வேண்டாம். பிறகு இருபது படங்கள் உள்ள ஒரே ஒரு பலகையை அந்த டீச்சர்களோடு சேர்ந்து, நம்ம ஊர்த் தமிழில் செய்து பாருங்க. எது சரிப்படவில்லை, ஏன் மாற்றினீங்க என்று நாலு பக்கம் எழுதுங்க. ஆள் எடுக்கும் இடத்தில் நான் இருந்தால் அந்த நாலு பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன்.