கசியும் தொட்டியை மூடும் கலை

பின்னலாடைத் துணிக்குச் சாயமேற்றும் திருப்பூர்ப் பட்டறைகளிலும், அவற்றின் கழிவைப் பெறும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும், மண்ணுக்குள் பாதி புதைந்து நிற்கும் கான்கிரீட் தொட்டிகளைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் கெட்டதையொட்டி நடந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின், கழிவைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவதே இத்தொழில் நிலைப்பதற்கான நிபந்தனை ஆயிற்று; அதனால் இத்தொட்டிகளில் விழும் மயிரிழை விரிசலை மூடும் தொழிலாளியின் வேலை, ஆற்றையும் கிணறுகளையும் காக்கும் வேலையாக உயர்ந்துவிட்டது.

கடற்கரை நீச்சல் குளத்தை அரிக்கும் உப்பு, கடலே இல்லாத இவ்வூருக்குச் சாயத்தோடு வந்து சேர்கிறது. பருத்தி நூலில் சாயம் பற்றுவதற்குச் சேர்க்கப்படும் சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கழிவோடு தொட்டிக்குள் வருகின்றன. குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியின் காப்புப் படலத்தை உடைக்க, கம்பி துருவேறிப் பருத்துச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. சல்பேட்டோ சிமெண்டின் அலுமினேட்டுகளோடு வினைபுரிந்து, எட்ரிங்கைட் என்னும் விரிவடையும் படிகமாகி உள்ளிருந்தே நெருக்குகிறது.

தேர்ந்த கைவினைஞரின் முதல் அறிகுறி, தொட்டியைக் காலி செய்ய அவசரப்படாமை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றோர நிலத்தடி நீர் உயரும்போது, அடித்தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு மீட்டர் நீரும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 டன் விசையுடன் தொட்டியை மேலே தள்ளுகிறது, 30 செ.மீ. தடிமனுள்ள தரைத்தளத்தின் எடையோ அதே பரப்பில் முக்கால் டன் மட்டுமே. உள்ளிருக்கும் நீர்தான் எடை கூட்டித் தொட்டியை அமர்த்தி வைத்திருக்கிறது என்பதை உணர்ந்தவர், வெளியே குழி தோண்டிப் பம்பு வைத்து நிலத்தடி மட்டத்தைத் தாழ்த்திய பிறகே உள்நீரை இறைக்கிறார்.

பிறகு விரிசலைப் படிக்க வேண்டும். வெண்படிவம் இருந்தால் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது. பழுப்புக் கறை தெரிந்தால் கம்பி துருப்பிடித்திருக்கிறது, அங்கே பசையைச் செலுத்துவது நோயை மறைப்பதேயாகும். கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை செதுக்கி, துருவை நீக்கி, புதுக் காரை வைப்பதே நேர்மையான வழி. அசைவில்லாத உலர்ந்த விரிசலுக்கு எப்பாக்சி பொருந்தும். நீர் வந்துகொண்டே இருக்கும் விரிசலுக்கு, நீரைத் தொட்டதும் நுரைத்துப் பருக்கும் பாலியூரிதேன் தேவைப்படுகிறது.

இவ்வேலையின் அழகு முழுவதும் பாலியூரிதேன் செலுத்தும் வேளையில்தான் தெரிகிறது. விரிசலுக்கு இருபுறமும் மாறி மாறிச் சாய்வாகத் துளையிட்டு, சுவரின் உட்பகுதியில் விரிசலைச் சந்திக்கச் செய்து, ‘பேக்கர்’ எனப்படும் செலுத்துமுனைகளை அத்துளைகளில் இறுக்குகிறார்கள். சுவரில் கீழிருந்து தொடங்கி, அடுத்த துளையில் நீர் வெளிப்பட்டு, பின் பசை எட்டிப் பார்க்கும் வரை காத்திருந்த பிறகே அடுத்ததற்கு நகர்கிறார்கள். அழுத்தம் மிகுந்தால் விரிசலே நீளும் என்பதால், அளவுமானியைப் பார்க்கும் கண்ணுக்கும் பம்பைப் பிடித்த கைக்கும் இடையே பொறுமை வேண்டும். பீறிடும் கசிவு இருந்தால் ஒரு சிறு குழாயைப் பொருத்தி நீருக்கு வழி விட்டு, சுற்றுப்புறம் உறுதியான பிறகு கடைசியாக அதை அடைக்கிறார்கள். நீரோடு மல்லுக்கு நிற்காமல் அதை வழிநடத்தும் இந்த நிதானத்தைப் புதிய பொருள்கள் எவ்வளவு வந்தாலும் அவற்றால் ஈடு செய்ய முடியாது.

வேலை முடிந்தபின் வரும் சோதனையும் இதே பொறுமையைக் கேட்கிறது. நீர்தேக்கும் கட்டுமானங்களுக்கான ஐ.எஸ். 3370 விதித்தொகுப்பு சொல்லும் வழியில், தொட்டியை நிரப்பிக் கான்கிரீட் தன் ஈரத்தை ஏற்று அடங்க விட்டு, அதன்பின் மட்டத்தைப் பல நாள் குறித்துக்கொள்கிறார்கள். வெயிலில் ஆவியாகும் அளவை அறிய, பக்கத்தில் ஒரு திறந்த பாத்திரத்திலும் நீர் வைத்து, அதில் குறைந்த அளவைக் கழித்த பின் எஞ்சுவதையே கசிவென்று கணக்கிடுகிறார்கள்.